பேகம்பூரில் வாங்கிய இதயம்

“கோயிலுக்கா, சொந்தக்காரங்க வீட்டுக்கா?” என்று மதுரை விமான நிலையத்தில் என் கடப்பிதழைப் புரட்டியவர் கேட்டார். “ஆட்டு இதயம் பார்க்க” என்றேன். உண்மையைச் சொல்லிப் பழகிய வாய். அதற்காகக் கால் மணி நேரம் ஓரமாக நிற்க வைத்தார்கள். பெட்டியில் இருந்த குப்பிகளையும் என் பல்கலைக்கழகக் கடிதத்தையும் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் மீசை நரைத்த அதிகாரி ஒருவர், “நல்லபடியா பாத்துட்டு வாங்கம்மா” என்று அனுப்பி வைத்தார்.

என் பெயர் கோமதி. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. சாப்பிட்டதை எரித்துச் சக்தியாக்கும் அடுப்பு அங்கேதான். அந்தப் பையின் உட்சவ்வு முழுக்கக் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள் புரதங்கள் புதைந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பைக்கு வெளியே தயாராகி, பிரித்த நூல் போல ஒரு குறுகலான வாசல் வழியாக உள்ளே வந்து, மடிந்து, தங்கள் இடத்தில் அமர்கின்றன. சில மட்டும் உள்ளேயே பிறக்கின்றன. அங்கே பிறந்ததும் இங்கே பிறந்ததும் டஜன் கணக்கில் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு இயந்திரம் ஓடும். கும்மிருட்டில், எண்ணெய்க்குள், யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்வது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இன்னும் சலிக்கவில்லை.

அதே கேள்வியைத் திண்டுக்கல்லுக்கு வெளியே, ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் மும்தாஜ். ஆட்டு இதயத்தில் மூன்று பெரிய புரதக் கூட்டங்கள் தனித்தனியாக மிதக்கவில்லை, ஒட்டி உட்கார்ந்து ஒரே கூட்டமாக வேலை செய்கின்றன, அவற்றை ஒட்ட வைப்பது ஒரு குறிப்பிட்ட கொழுப்பு என்பது அவள் கட்டுரை. கார்டியோலிப்பின் என்று அந்தக் கொழுப்புக்குப் பெயர். மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால், இதற்கு நான்கு. முதலில் இதயத்தில் கண்டுபிடித்ததால் இதயத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கட்டுரையை அனுப்பிய ஆய்விதழில் ஒரு நிபந்தனை போட்டார்கள். வேறு ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் தன் கையால் இதைச் செய்து பார்த்து, அதே முடிவு வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் நான். கட்டுரை வெளிவந்தால் மும்தாஜுக்குக் கல்லூரியில் வேலை நிரந்தரம். வராவிட்டால் வருகிற ஜூனோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. எனக்கு முகத்தாட்சண்யம் கிடையாது என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அதிலேயே எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை.

புதன்கிழமை மதியம் திண்டுக்கல் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் மல்லிகைப்பூ மூட்டையோடு. “மலேசியாவா? அங்கிட்டுத் தமிழ் பேசுவாகளா?” என்றார். பேசுவோம் என்றேன். “நீங்க பேசுறது நியூஸ் வாசிக்கிறாப்ல இருக்கு” என்றார். பிறகு என் ரத்த அழுத்தம், பிள்ளைகள், நகை எதுவும் போடாத காரணம் எல்லாவற்றையும் விசாரித்தார். பினாங்கில் பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே கொடைரோடு வருவதற்குள் என் வாழ்க்கை வரலாறு முடிந்துவிட்டது. இறங்கும்போது ஒரு முழம் பூவைக் கிள்ளி என் தலையில் அவரே வைத்துவிட்டார்.

மும்தாஜ் நிலையத்தில் ஸ்கூட்டரோடு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வேகமாகப் பேசி, பாதியில் நிறுத்தி, நாம் சொல்வதைக் கேட்கிற பழக்கம். “ரொம்ப அலைஞ்சுட்டீங்களாக்கா? மொதல்ல சாப்டுவோம்” என்று பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனாள். எங்கள் ஊர் ரொட்டி சானாயின் ஒன்றுவிட்ட அண்ணன் போலிருந்தது அது. ஆனால் இங்கே அதைக் கையால் அடித்து நொறுக்கி, சால்னாவில் முக்குளிக்க விட்டு விடுகிறார்கள். நான் மூன்று சாப்பிட்டேன். அப்புறம்தான் என் நிபந்தனையைச் சொன்னேன்.

“நான் வேலை செய்யும்போது நீங்க ஆய்வுக்கூடத்துக்குள்ள வரக் கூடாது. கரைசல் எல்லாம் நானே கலந்துக்குவேன். இதயம் வந்த பெட்டியைக்கூட நீங்க திறக்கக் கூடாது.”

“சரிக்கா” என்றாள். முகம் மாறவே இல்லை.

வியாழக்கிழமை. இதயம் பேகம்பூரில் இருக்கும் அவளுடைய தாய்மாமா காதர் பாயின் கறிக்கடையிலிருந்து வரும் ஏற்பாடு. எப்போதும் அறுத்த அரை மணியில், ஏழரைக்கெல்லாம் வந்துவிடுமாம். அன்றைக்கு ஆட்டோ வந்தபோது மணி எட்டரை தாண்டிவிட்டது. சாலையில் நெரிசல் என்று நினைத்துக்கொண்டேன். பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்குக்குள் இதயம், அழகான துண்டுகளாக. கொழுப்பு சீவி, ரத்தச் சுவடே இல்லாமல், பளிச்சென்று. ஓரங்களில் மட்டும் லேசான மஞ்சள். ஆட்டுக் கொழுப்பின் நிறம் என்று நினைத்தேன். இந்த ஊரில் இப்படித்தான் விற்பார்கள் போலிருக்கிறது, எங்கள் ஊரில் கப்பலில் வரும் உறைந்த கறியைவிட எவ்வளவோ சுத்தம் என்று மனதுக்குள் மெச்சினேன்.

பொடியாக நறுக்கி, குளிரிலேயே அரைத்து, சுழற்றும் இயந்திரத்தில் போட்டு மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாகப் பிரித்தேன். அதை இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கைத் தொடவில்லை. இன்னொரு பங்கில் அந்த நான்கு வால் கொழுப்பைக் கத்தரிக்கும் நொதியைச் சேர்த்தேன். பிறகு இரண்டையும் ஒரு செடியிலிருந்து எடுக்கும் மென்மையான சோப்பில் கரைத்தேன். முரட்டுச் சோப்பு எல்லாவற்றையும் பிய்த்துவிடும். இந்தச் சோப்பு சவ்வைக் கரைத்தாலும் சேர்ந்திருப்பவற்றைச் சேர்ந்தபடியே விடும். கடைசியாக நீலச் சாயத்தோடு, ஜெல் என்கிற கூழ்ப்பாளத்தின் உச்சியில் ஏற்றி, மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டேன். கூட்டம் பெரியதாக இருந்தால் ஜெல்லில் தூரம் போக முடியாது, மேலேயே தங்கும். உடைந்திருந்தால் துண்டுகள் கீழே இறங்கும். மும்தாஜ் சொல்வது சரி என்றால் தொடாத பங்கில் மேலே தடித்த நீலக் கோடு இருக்க வேண்டும். கத்தரித்த பங்கில் அது காணாமல் போய்க் கீழே மூன்று கோடுகளாக வேண்டும்.

மாலையில் பார்த்தேன். இரண்டிலும் மேலே ஒன்றுமில்லை. இரண்டிலும் கீழே கோடுகள். கொழுப்பைக் கத்தரித்தாலும் கத்தரிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றது ஜெல்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே மும்தாஜ் நின்றிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. “நீங்க பாத்தத எழுதுங்கக்கா” என்றாள். அப்படிச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு செய்தவர்கள்தான் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அவள் கட்டுரையில் இருந்த அழகான படங்களைக் கல்லூரி விருந்தினர் அறையில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ரொம்ப அழகாக இருக்கின்றனவே என்று சந்தேகம் வந்தது. இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தின் முதல் வரியை அடித்துவிட்டேன். ‘என் கையால் செய்து பார்த்ததில் இம்முடிவு கிடைக்கவில்லை.’ அடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கன்னிவாடிப் பக்கத்து மலை, அதன் மேல் ஒரு மேகம், அடியில் தென்னந்தோப்பு. இவ்வளவு நல்ல காலையில் ஒருத்தியின் வேலைக்கு உலை வைக்கிறோமே என்று இருந்தது. அதற்காக வரியை அழிக்கவில்லை.

மதியம் காதர் பாய் வீட்டில் சாப்பாடு. முதலிலேயே ஒப்புக்கொண்டது, தட்ட முடியவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் முன்னறையில் உட்கார, என்னையும் மும்தாஜையும் உள்ளே கூட்டிப் போனார் பாயின் மனைவி ஜொகரா மாமி. நெய்ச்சோறு, தால்ச்சா, கறிக்குழம்பு, நடுவில் ஈரலும் சுவரொட்டியும் மிளகு போட்டு வறுத்தது. சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல், அந்தப் பெயரை அங்கேதான் கேள்விப்பட்டேன். மும்தாஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் மட்டும் சாப்பிட்டேன், சாப்பாட்டின் மேல் எனக்கு என்ன கோபம்?

மாமி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, “இதயம் எப்படிம்மா இருந்துச்சு? நல்லா சுத்தமா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“ரொம்பச் சுத்தம்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இவுக எப்பவும் ரத்தமும் கொழுப்புமா அப்படியே பையில சுத்தித் தூக்கிப் போட்டு அனுப்புவாக. மும்தாஜு நம்ம புள்ள, அதுக்குப் பரவால்ல. கடல் தாண்டி வந்தவுகளுக்கு அப்படியா குடுக்கிறது? நாந்தான் வாங்கி, வெட்டி, மஞ்சப்பொடி போட்டுப் பெசறி, செத்த நேரம் தண்ணியில ஊற வச்சு, மூணு தண்ணி அலசிக் குடுத்தேன். கவுச்சியே இருந்திருக்காதே?”

மும்தாஜ் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெறும் தண்ணீரில் ஊறினால் வெட்டிய கறியின் மைட்டோகாண்ட்ரியா உப்பி வெடிக்கும். மஞ்சளின் சத்து நேராகச் சவ்வின் கொழுப்புக்குள் போய் நுழையும். போதாததற்கு ஒரு மணி நேரத் தாமதம் வேறு. மூன்றில் எது அந்தக் கூட்டத்தைக் கலைத்தது என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் ஒன்றே போதும். பெட்டியைத் திறந்த முதல் நொடியில் மும்தாஜ் எட்டிப் பார்த்திருந்தால், “ஐயோ, இது குழம்புக்கு வெட்டுனதுக்கா” என்று சொல்லியிருப்பாள். பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தியவள் நான். மஞ்சளைக் கொழுப்பு என்று முடிவு கட்டியவளும் நான்தான். இருபது வருட அனுபவம்!

விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன். ஆனாலும் மாமி நெஞ்சில் கை வைத்துச் சுவரோடு சாய்ந்துவிட்டார். “அல்லாவே, எம் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே!” முன்னறையிலிருந்து காதர் பாய் ஓடி வந்தார். கதையைக் கேட்டு அவர் மனைவியைத் திட்டவில்லை, என்னிடம்தான் வந்தார். “ஞாயித்துக்கெழமை வெள்ளனே கடைக்கு வாங்கம்மா. ஒங்க கையிலயே தாரேன். வீட்டாளுக கண்ணுலயே காட்ட மாட்டேன்.”

சனிக்கிழமை முழுக்கக் கரைசல் கலப்பதும் ஜெல் ஊற்றுவதுமாகப் போயிற்று. சாயங்காலம் மும்தாஜோடு தேநீர்க் கடையில் நின்றபோது, “உங்க மேல சந்தேகப்பட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவள் வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். “நானே என் மேல சந்தேகப்பட்டேங்க்கா. ராத்திரி முழுக்கத் தூங்கல. மூணு வருசமா வந்ததெல்லாம் பொய்யோன்னு” என்றாள். நாளைக்கும் கோடு வராவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் திங்கட்கிழமை விமானம். மறுபடி ஒரு வாய்ப்புக்கு நேரமில்லை.

ஞாயிறு விடிந்தும் விடியாத வேளையில் காதர் பாய் கடையில் திருவிழாக் கூட்டம். பினாங்கில் கறி வாங்கப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் கை காட்டினால் போதும். இங்கே ஒவ்வொருவரும் தொடையா, விலாவா, எலும்பு எவ்வளவு என்று பாயோடு தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். என்னைக் கண்டதும் பாய் கத்தியை வைத்துவிட்டு, அப்போதுதான் பிரித்த ஆட்டின் இதயத்தை எடுத்துக் கொழுப்பும் ரத்தமுமாக என் பையில் போட்டார். சூடாக இருந்தது. கடைக்குப் பின்னால் வீட்டு வாசலில் ஜொகரா மாமி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை. அந்தப் பையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது தெரிந்தது.

பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்து மும்தாஜின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் பின் சக்கரம் சப்பையாகிவிட்டது. முன்னும் பின்னும் கடை கிடையாது. இதயத்துக்குக் குளிரிலும் ஆயுள் கொஞ்சம்தான். ஒவ்வொரு நிமிடமும் எனக்குள் ஒரு கோடு உடைந்துகொண்டிருந்தது. மும்தாஜ் நடுச்சாலைக்கே போய்க் கையை நீட்டி நின்றாள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போன ஒரு சின்ன வண்டி நின்றது. “நீங்க போங்கக்கா, நான் வண்டியப் பாத்துக்கிறேன்” என்று என்னை ஏற்றிவிட்டாள்.

ஓட்டுநர் அந்தப் பக்கத்து ஆள், பேச்சில் மரியாதை சொட்டியது. “ஏனுங்கக்கா, பொட்டியில என்னங்க, மருந்துங்களா?”

“ஆட்டு இதயம்.”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “ஆருக்குங்க வைக்கப் போறாங்க?”

யாருக்கும் வைக்கப் போவதில்லை, உள்ளே புரதம் எப்படிக் கொழுப்பில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கப் போகிறோம் என்று விளக்கினேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். “அப்ப அந்தக் கொழுப்பு இல்லைன்னா எல்லாம் இருந்தும் வேல நடக்காதுங்களா?” என்றார். நடக்கும், ஆனால் தடுமாறும் என்றேன். “சரியாத்தானுங்க இருக்கு” என்று தலையாட்டிவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார். இருபது வருடத்தில் என் வேலையை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுக் கூலி வாங்க மறுத்து, இரண்டு கை நிறையத் தக்காளியும் கொடுத்தார்.

அதே வேலை, அதே சோப்பு, அதே ஜெல். இம்முறை இதயத்தைக் கழுவியது சர்க்கரையும் உப்பும் சரியாகக் கலந்த குளிர்ந்த கரைசலில். மின்சாரம் ஒருமுறை போய் ஜெனரேட்டர் உறுமியது. மாலை ஆறு மணிக்கு ஜெல்லை வெளிச்சத்தின் மேல் வைத்தேன். தொடாத பங்கில் உச்சியில் தடித்த நீலக் கோடு. கத்தரித்த பங்கில் அந்த இடம் வெறிச்சோடி, கீழே மூன்று. வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பேசாமல் நின்றேன், என் கண்ணை நானே நம்பக் கூடாது என்று. கோடு அங்கேயே இருந்தது.

இருபது வருடம் பார்த்த காட்சிதான். இருந்தாலும் உடம்பு சிலிர்த்தது. காலையில் துடித்துக்கொண்டிருந்த ஒன்றுக்குள் இத்தனை துண்டுகள், ஒரு கொழுப்பைப் பிடித்துக்கொண்டு கலையாமல் உட்கார்ந்திருக்கின்றன. யார் சொல்லி அமர்ந்தன என்பதில் ஒரு சிறு பகுதி அந்தக் கோட்டில் இருந்தது. நான் கதவைத் திறந்தேன். “உள்ள வாங்க மும்தாஜ்” என்றேன். அவள் நிலைப்படியிலேயே நின்று, “வரலாமாக்கா?” என்று கேட்டாள். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய கடிதத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மும்தாஜ் தயங்கித் தயங்கி, “வியாழக்கிழமை நடந்ததையும் எழுதணுமாக்கா?” என்றாள். எழுதத்தான் வேண்டும், கிடைக்காத முடிவையும் சொல்ல வேண்டும் என்றேன். “மாமியக் கேவலமா நெனச்சிருவாங்களோ” என்றாள். தன் வேலையைப் பற்றியல்ல, மாமியைப் பற்றி. நான் எழுதியது இதுதான்: ‘முதல் இதயம் பயன்படவில்லை. விருந்தாளிக்கு மரியாதையாக அதைச் சமையலுக்குப் போலச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள். அதைக் கவனிக்காதது என் பிழை. இரண்டாவது இதயத்தில் கட்டுரையாளர் சொன்ன முடிவே எனக்கும் கிடைத்தது.’ கீழே கையெழுத்துப் போட்டேன். பிழையை ஒத்துக்கொண்டு நான் போட்ட கையெழுத்துகள் அதிகமில்லை.

திங்கட்கிழமை காலை பேருந்து நிலையத்துக்கு ஜொகரா மாமியும் வந்திருந்தார். கையில் அதே எவர்சில்வர் தூக்கு. ஜன்னல் வழியாக அதை என் மடியில் வைத்தார்.

“ஈரலு வறுவலும் இட்லியும் இருக்கு. இது நல்லாக் கழுவுனதும்மா” என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. நான் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். “தூக்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ வரயில கொண்டாங்க.”

சமயநல்லூர் வரும் முன்னே தூக்கு காலி. விரல்களும் நகக்கண்ணும் மஞ்சளாகிவிட்டன. விமான நிலையத்தில் போகும்போதும் அதே நரைத்த மீசை அதிகாரிதான் இருந்தார். “இதயம் பாத்தாச்சாம்மா?” என்றார். பார்த்தாச்சு என்றேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, மூன்று தண்ணீர் அலசினேன். மஞ்சள் போகவில்லை.